இரண்டு வார்டுக்கு ஒரு சாவி

“நான் எங்கயாவது சும்மா நின்னத நீங்க பாத்தீங்களாம்மா? சொல்லுங்க, ஒரு நிமிஷம் சும்மா நின்னத பாத்தீங்களா?” இதுதான் அந்த நர்ஸ் சொன்னது, எழுத்து பிசகாமல் இதே வார்த்தைகள், நான் கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. குரலை உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும், நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன், ஆனால் அவள் என் வீட்டுக்காரருடைய புறங்கையில் குத்தியிருந்த ஊசியின் பிளாஸ்திரியை அழுத்திவிட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், காய்ச்சல் இருக்கிறதா என்று விசாரிக்கிற குரலில் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். கேள்வி கேட்டால் நின்று பதில் வாங்கிக்கொண்டு போக வேண்டாமா. அப்போது மணி ஏழு நாற்பது, எதிர்ச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்தேன், எனக்கு அது ஒரு வியாதி, எதற்கும் மணி பார்ப்பது. நேற்று மத்தியானமும் பார்த்தேன். இரண்டு பத்துக்கு இவர் கால் வலி தாங்கவில்லை என்று உதட்டைக் கடித்தார், நான் பெல்லை அழுத்தினேன், ஊசி வந்தது இரண்டு ஐம்பதுக்கு, நாற்பது நிமிஷம், முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாக உடைந்து கம்பி வைத்த மறுநாள், மனுஷன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகா என்கிறார், மின்வாரியத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தபோதுகூட கடவுளைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டதற்கு, “வாரேன்னு சொன்னேம்லாம்மா” என்றாள், அவ்வளவுதான், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் நேரே கீழே வரவேற்பு மேசைக்குப் போனேன், புகார் நோட்டை வாங்கினேன். அதில் எனக்கு முன்னால் எட்டுப் பேர் தமிழில் எழுதியிருந்தார்கள், விசிறி சுத்தவில்லை, கக்கூஸில் தண்ணீர் இல்லை, காபியில் ஈ, யாரும் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை, இங்கிலீஷில் எழுதினால்தான் இவர்களுக்குப் பயம் வரும் என்று நான் இங்கிலீஷில் எழுதினேன், இரண்டு பத்தி, பாளையங்கோட்டை கான்வென்ட்டில் கையெழுத்துக்குத் தொடர்ந்து நாலு வருஷம் பரிசு வாங்கிய கை, ‘காலஸ்’, கல்நெஞ்சுக்காரி என்று அர்த்தம், அப்படி ஒரு வார்த்தை போட்டேன், அந்த வார்த்தையை எழுதும்போது, உண்மையைச் சொல்ல வேண்டும், நாக்கில் கல்கண்டு கரைகிற மாதிரி இருந்தது.

இன்றைக்குக் காலையில் அவள் வேலைக்கு வந்ததும் வராததுமாகக் கையில் மெமோவைக் கொடுத்திருக்கிறார்கள். எட்டுப் பேர் தமிழ் ஈயோடு சேர்ந்து நோட்டிலேயே கிடக்க என் இங்கிலீஷ் மட்டும் ஒரே ராத்திரியில் டைப் அடிக்கப்பட்டு, சீல் வைக்கப்பட்டு, அவள் சட்டைப் பைக்குள் போய்விட்டது. என்னிடம் சொல்லவில்லை, இரவு வேலை முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த இன்னொரு நர்ஸிடம் சொன்னாள், ஆனால் என் காதில் விழுகிற தூரத்தில்தான், “பன்னெண்டு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணுமாம். இது மூணாவது.” மூணாவது என்றால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை, அந்த நர்ஸ்தான் பையை மாட்டியபடியே, “மூணாவதுன்னா நிப்பாட்டிருவாவளே எப்சி” என்றாள். அதற்கு இவள் என்ன சொன்னாள் தெரியுமா, “நிப்பாட்டினா நல்லா தூங்குவேன்” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். எப்சிபா என்று பெயர்ப் பட்டையில் இருக்கிறது, சாத்தான்குளத்துப் பக்கம், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வேலை போய்விடும் என்கிற பயத்தில் அழுதிருந்தால் ஒரு கணக்கு, கோபப்பட்டிருந்தால் இன்னொரு கணக்கு, தூங்குவேன் என்று ஒருத்தி ஆசையாகச் சொன்னால் அதை எந்தக் கணக்கில் வைப்பது. இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தார், பிறகு மெதுவாக, “உனக்கு எழுத ஒரு நோட்டு கெடச்சாப் போதும், ஹேமா” என்றார். வலித்தது உங்களுக்கு, எழுதியது நான், இப்போது நான் பொல்லாதவள். சரி, பார்த்துவிடுவோம் என்று தோன்றியது. சும்மா நின்றதைப் பார்த்தாயா என்றுதானே கேட்டாள், பார்த்துவிடுவோம், எனக்கு வேறென்ன வேலை, இந்த நாற்காலியில் உட்கார்ந்து மூன்று நாளாக விட்டத்தைத்தான் பார்க்கிறேன். எக்ஸ்ரே உறையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது, பேனாவை எடுத்தேன். அவள் வார்டை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று. பன்னிரண்டு மணிக்கு அவள் விளக்கம் கொடுக்கட்டும், நானும் ஒரு கணக்குக் கொடுக்கிறேன், எத்தனை தடவை ஊர் சுற்றப் போனாள் என்று. அப்படித்தான் ஆரம்பித்தேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

எட்டரைக்குள் ஒன்பது கோடு. எனக்கு ஒரே சந்தோஷம், பார்த்தாயா, ஐம்பது நிமிஷத்தில் ஒன்பது தடவை, கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் கோடு போடுகிறவளுக்குக் கொஞ்சம் மூளையும் இருந்து தொலைத்தால் எதற்குப் போனாள் என்றும் பார்க்கத் தோன்றும், எனக்குத் தோன்றியது. ரத்த அழுத்தம் பார்க்கிற மிஷின் ஒன்றுதான், மேல் மாடி வார்டுக்கும் இந்த வார்டுக்கும் சேர்த்து, அதை எடுத்து வரப் போகிறாள், ஆறு கட்டிலுக்கும் பார்க்கிறாள், திருப்பிக் கொடுக்கப் போகிறாள். பார்த்த எண்ணை முதலில் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறாள், பிறகு கட்டிலில் தொங்குகிற அட்டையில், பிறகு மேசையில் இருக்கிற பெரிய நோட்டில், பிறகு கம்ப்யூட்டரில், ஒரே நூற்று முப்பதை நாலு இடத்தில் எழுதுகிறாள், நாலாவது இடத்துக்கு வரும்போது நாலாம் கட்டில் ஆள் கூப்பிடுகிறார், டாக்டர் எப்ப வருவாரு என்று. அதை மூன்று நாளில் நானே எத்தனை தடவை கேட்டிருப்பேன். டாக்டர் எப்போது வருவார் என்று அவளுக்கே தெரியாது, யாரும் சொல்வதில்லை, இரண்டு டாக்டர்கள் ஒரே நேரத்தில் வந்து நின்றால் இரண்டு பேர் பின்னாலும் ஓட வேண்டும். வந்த சின்ன டாக்டர் தாடி வளர்ந்து, கண் சிவந்து, நேற்றுப் போட்டிருந்த அதே சட்டையில் இருந்தார், இவர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு “வலி எப்படி இருக்கு” என்று கேட்டார், இவர் பதில் சொல்லி முடித்ததும் மறுபடியும் “வலி எப்படி இருக்கு” என்று கேட்டார். இந்தக் கைதான் நேற்று முன்தினம் உள்ளே கம்பி முடுக்கும்போது கூட நின்றதா, அப்போதும் இப்படித்தான் இரண்டு தடவை கேட்டுக்கொண்டிருந்ததா, கால் வீங்கியிருக்கிறதே, ரத்தம் கட்டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று யாரோ சொன்னார்களே, அதை யாரிடம் கேட்பது, கேட்டால் தூங்காத மனுஷன் சொல்கிற பதிலை நம்புவதா. வேண்டாம், கோடு போடுவோம். கோடு போட்டால் பயம் கொஞ்சம் தள்ளி உட்காருகிறது.

ஒன்பதே காலுக்கு ஆறாம் கட்டில்காரர் முனக ஆரம்பித்தார். இடுப்பு எலும்பு. அவர் சம்சாரம் செண்பகவடிவு பெல்லை அழுத்திக்கொண்டே இருந்தாள், விரலை எடுக்கவே இல்லை, “எங்க போயி ஊர் சுத்துதாளோ மூதேவி” என்று வார்டுக்கே கேட்கச் சொன்னாள். நேற்று நான் மனசுக்குள் சொன்னதைத்தான் அவள் வாய்விட்டுச் சொல்கிறாள், எனக்கு மட்டும் இங்கிலீஷ் இருக்கிறது. எப்சிபா வந்தாள், ஊசிச் சீட்டைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள், தன் இடுப்பைத் தடவிப் பார்த்தாள், வெளியே ஓடினாள். பதினான்காவது கோடு. அலமாரி இதோ இருக்கிறது, என் நாற்காலியிலிருந்து எட்டு அடி, வலி ஊசி அதற்குள் இருக்கிறது, பூட்டியிருக்கிறது, சரி, பூட்ட வேண்டிய மருந்துதான், ஆனால் அவள் எங்கே ஓடுகிறாள். தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. பிளாஸ்கை எடுத்துக்கொண்டேன், வெந்நீர் வாங்கப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன், பிளாஸ்கில் வெந்நீர் நிறையத்தான் இருந்தது, இவருக்கும் தெரியும். இருபத்திரண்டு படி. லிப்ட் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டு போக மட்டும் என்று எழுதியிருக்கிறது. எனக்கு மூச்சு வாங்கியது, அவள் எனக்கு ஒரு வளைவு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மேல் வார்டில் ஒரு ஆயா மட்டும் இருந்தாள், “சிஸ்டர் ஆபரேஷனுக்கு ஆள் எடுக்கப் போயிருக்காவ, சாவி அவிய பைக்குள்ள” என்றாள். எப்சிபா ஆபரேஷன் தியேட்டர் பக்கம் நடந்தாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன், ஐம்பத்து மூன்று வயதில், வெந்நீர் நிறைந்த பிளாஸ்கோடு, ஒளிந்துகொண்டு ஒரு பெண்ணை வேவு பார்க்கிறேன், கான்வென்ட் மதர் பார்த்தால் முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். தியேட்டர் கதவு மூடியிருந்தது, மேலே சிவப்பு விளக்கு. உள்ளே போகக் கூடாது, கூப்பிடக் கூடாது, இரண்டு வார்டுக்கும் இருக்கிற ஒரே சாவி உள்ளே இருக்கிறது. அங்கேதான் பார்த்தேன். சும்மா நின்றாள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் நெற்றியை வைத்து, கை இரண்டையும் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றாள். ஒரு நிமிஷம் இல்லை, கதவு திறந்து சாவி கைக்கு வருகிற வரைக்கும் பதினொரு நிமிஷம், நான் மணி பார்த்தேன். நடுவில் ஒருமுறை முழங்கால் மடங்கி உடம்பு சரிந்தது, சட்டென்று நிமிர்ந்தாள், மறுபடியும் நெற்றியைச் சுவரில் வைத்தாள். நின்றுகொண்டே தூங்குகிற ஒரு ஆளை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கீழே இடுப்பு உடைந்தவர் முனகுவது எனக்கு இங்கே கேட்கிற மாதிரியே இருந்தது, செண்பகவடிவின் விரல் பெல்லில் இருக்கும், நேற்று இரண்டு பத்திலிருந்து இரண்டு ஐம்பது வரைக்கும் என் விரல் இருந்த இடத்தில். அப்படியென்றால் நேற்றும் இவள் இந்தச் சுவரில்தானே, நான் ‘காலஸ்’ என்று எழுதுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது.

இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அது என்னை விடவில்லை. வெட்கம் என்று நினைக்காதீர்கள், வெட்கம் பிறகு வந்தது, முதலில் வந்தது ஆச்சரியம். இதை யார் இப்படி வைத்தார்கள் என்கிற ஆச்சரியம். என் சமையலறையில் கடுகு டப்பாவைப் பூட்டி, சாவியை எதிர்வீட்டு அம்மாள் முந்தானையில் முடிந்து வைத்து, அவள் கோவிலுக்குப் போயிருக்கும்போதெல்லாம் நான் கோவில் வாசலில் நின்று, அதற்குள் இங்கே எண்ணெய் தீய்ந்து புகை வந்தால், இவர் வந்து உனக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பாரா, சொல்லிவிடுவாரா என்னிடம். கல்யாணமாகி வந்த ஆறாம் மாசமே அடுப்புக்கு வலது கை எட்டுகிற இடத்தில் உப்பு, இடது கை எட்டுகிற இடத்தில் தண்ணீர் என்று எல்லாவற்றையும் நான் இடம் மாற்றவில்லையா, யாரிடமும் கேட்கவில்லை, இரண்டு நாள் முணுமுணுத்தார்கள், அப்புறம் அவர்களுக்கும் அதுவே கை பழகிவிட்டது. இத்தனை கண்ணாடியும் பளிங்கும் வைத்துக் கட்டினவர்கள், ஊசி போட எத்தனை படி ஏற வேண்டும் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்களா. எக்ஸ்ரே உறையைத் திருப்பிப் பார்த்தேன். பத்தரைக்கு முப்பத்தொரு கோடு. சாவிக்காக ஒன்பது, மிஷினுக்காக ஆறு, வெளியே அடித்த டெலிபோனை எடுக்க எட்டு, மிச்சம் மருந்துச் சீட்டு, டாக்டர், காணாமல் போன சக்கர நாற்காலி. டீ குடிக்க ஒன்றுமில்லை, பாத்ரூமுக்கு ஒன்று. நோயாளி பக்கத்தில் நின்ற நேரத்தைக் கூட்டினால் நடந்த நேரத்தில் பாதி தேறாது. இவள் களைத்துப் போனது எங்களைப் பார்த்துக்கொண்டதால் இல்லை, எங்களிடம் வந்து சேர முடியாமல் களைத்திருக்கிறாள். இப்படி ஒரு களைப்பை மனசு நல்லா இருந்தால் சரியாகிவிடும், தியானம் பண்ணு என்பார்கள், மாடிப்படி வளைவில் அப்படி ஒரு போஸ்டர்கூட ஒட்டியிருக்கிறது, தாமரைப் பூவோடு. எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு சாவி செய்ய ஐந்து நிமிஷம் ஆகுமா, பஸ் ஸ்டாண்டு வாசலில் குடை ரிப்பேர் பண்ணுகிறவன் செய்து கொடுப்பான்.

பத்தே முக்காலுக்கு நர்ஸுகளுக்கெல்லாம் தலைவியான தங்கபுஷ்பம் மேடத்தின் அறைக்குப் போனேன். கதவில் பெயர் இருந்தது, உள்ளே ஒரு அம்மாள் தோசையை ஆற வைத்துவிட்டு இரண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார்கள். புகார் எழுதியது நான்தான் என்றதும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள், அது இங்கிலீஷுக்குக் கிடைத்த மரியாதை. நான் அதை வாபஸ் வாங்குகிறேன் என்றேன். “வாங்க முடியாது மேடம், நோட்டுல பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு” என்றார்கள். தப்பாக எழுதிவிட்டேன், நாற்பது நிமிஷம் சாவிக்காக நின்றிருக்கிறாள் என்றேன். “எனக்குத் தெரியாதா மேடம். நானும் அந்தச் சுவத்துல நின்னவதான்.” அப்படியென்றால் இரண்டாவது சாவி ஏன் செய்யவில்லை. அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்வது, பரீட்சையில் எல்லோருக்கும் தெரிந்த கேள்விக்கு ஒருத்தி மட்டும் கை தூக்கினால் டீச்சர் பார்ப்பார்களே, அப்படி. “இருக்கு. ஆபீஸ்ல மேனேஜர் டிராயர்ல இருக்கு. போன வருஷம் ஒரு ஊசி மருந்து குறைஞ்சிருச்சு, விசாரணை முடியிற வரைக்கும்னு ரெண்டாவது சாவிய வாங்கி வச்சாங்க. விசாரணை முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. நர்ஸ் யாரும் எடுக்கல, நோட்டுல கணக்கு எழுதினதுலதான் தப்புன்னு ஆயிப்போச்சு. சாவி மட்டும் வரல. மூணு லெட்டர் போட்டேன்.” எட்டு மாசம். இரண்டாவது சாவி சுகமாக டிராயருக்குள் படுத்திருக்கிறது, இந்தக் கட்டிடத்தில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஜீவன் அதுதான். நீங்கள் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்றேன், என் வாய் அப்படி. அவர்கள் கோபப்படவில்லை, தோசையை ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தார்கள். “இந்த ஆறு மாசத்துல பதினோரு பிள்ளைய வேலைய விட்டுப் போயிருக்கு மேடம். எப்சிபா பன்னெண்டு. நீங்க ஒரு ஆளு எழுதினா புகாரு, அதே ஆளு மாத்தி எழுதினா இரக்கப்பட்டுட்டாங்கம்பாங்க, ஃபைல்ல நிக்காது. வார்டுல இருக்க நோயாளி வீட்டுக்காரங்க எல்லாருமா சாவிதான் காரணம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, பன்னெண்டுக்குள்ள, நான் இந்த மெமோவையும் அதையும் சேத்து ஒரே கையில மேனேஜர் மேசைல வைக்கேன். நாலு கையெழுத்து இருந்தாக்கூட போதும்.” நாலு கையெழுத்து, அவ்வளவுதானா, ஐந்து நிமிஷ வேலை என்று நினைத்துக்கொண்டு படி இறங்கினேன். படி இறங்கும்போது என் வாய்க்குள் வாக்கியங்கள் இங்கிலீஷில் தயாராகிக்கொண்டிருந்தன, பிறகுதான் உறைத்தது, படிக்கத் தெரியாத ஒன்றில் யார் கையெழுத்துப் போடுவார்கள். தமிழில்தான் எழுத வேண்டும். எனக்குத் தமிழில் எழுத வராது என்று வெளியே சொல்வதில்லை, வரும், மளிகைச் சீட்டு வரும், பள்ளிக்கூடத்தில் தமிழில் பேசினால் அபராதம், வீட்டில் யாரும் எழுதச் சொன்னதில்லை. டிஸ்சார்ஜ் பாரத்தின் பின்னால் எழுதினேன், ஏழு வரி, இருபது நிமிஷம் ஆனது, எந்த ‘ர’ எந்த ‘ற’ என்று இவரிடம் இரண்டு தடவை கேட்டேன், இவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார், மூன்றாவது தடவை கண்ணைத் திறந்து, “மொதல்ல என் பேரைப் போட்டு எங்கிட்ட குடு” என்று ஊசி குத்தாத கையால் கையெழுத்துப் போட்டார். ஒன்று.

பதினொன்றே முக்கால். வார்டு நடுவில் போய் நின்று வாசித்தேன். ஆறு கட்டிலிலும் ஆள் இருந்தார்கள், பக்கத்தில் ஒவ்வொருத்தர் இருந்தார்கள், எப்சிபா வெளியே டெலிபோனில் இருந்தாள், வாசிக்கும்போதே எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. நாலாம் கட்டில்காரர் மகனிடம் முந்தாநாள்தான் செல்போனில் பாட்டுச் சத்தம் போட்டால் தூக்கி ஜன்னல் வழியே எறிவேன் என்று சொன்னேன். இரண்டாம் கட்டிலுக்கு வந்த சொந்தக்காரக் கூட்டத்தைப் பார்த்து இது ஆஸ்பத்திரியா பொருட்காட்சியா என்று கேட்டேன். செண்பகவடிவு கருவாட்டுக் குழம்பைத் திறந்தபோது நான் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன், அவள் மூடியை மறுபடி போட்டுவிட்டு அன்றைக்கு வராந்தாவில் போய்ச் சாப்பிட்டாள். அவள்தான் முதலில் பேசினாள். “நல்லாருக்கேம்மா. நீங்க எழுதிப் போட்டு அந்தப் பிள்ளை வேலைக்கு உலை வச்சீங்க. இப்ப நீங்களே எங்க எல்லாருக்கும் சேத்து நல்லவங்க ஆவீங்களோ.” நான் சாவி விஷயத்தைச் சொன்னேன், ஒன்பதே காலுக்கு எங்கே நின்றாள் என்று சொன்னேன், உங்கள் வீட்டுக்காரர் முனகினபோது என்று சொன்னேன். அவள் முகம் ஒரு விநாடி மாறியது, கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “நாளைக்கு அந்த மேனேஜர் எங்க ஆளுக்கு மருந்து இல்லன்னு சொன்னா நீங்களா வருவீங்க? உங்களுக்கு நாளைக்கு டிஸ்சார்ஜு. நாங்க இன்னும் ரெண்டு வாரம் கெடக்கணும்” என்றாள். நான் எத்தனையோ பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன், அது எப்படி இருக்கும் என்று இந்தத் தடவைதான் எனக்குத் தெரிந்தது. நாலாம் கட்டில் பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், சத்தமில்லாமல். இரண்டாம் கட்டில் அம்மாள் ஆரஞ்சுப் பழத்தின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள், ஒரு சுளையில் அத்தனை நார் இருக்காது. வெளியே டெலிபோனை வைக்கிற சத்தம் கேட்டது, எப்சிபா வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அவள் முன்னால் யாரும் போட மாட்டார்கள், அவள் முன்னால் என்னாலும் கேட்க முடியாது. பதினொன்று ஐம்பத்திரண்டு. நான் ஒரு கட்டிலுக்கும் மறு கட்டிலுக்கும் நடுவில் காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றேன், பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தேன், என் குரல் எனக்கே பழக்கமில்லாத அளவுக்குக் கீழே இறங்கியிருந்தது. “மூணு பேர் போதும்மா. இங்கிலீஷ்ல வேண்டாம், தமிழ்ல வேண்டாம், ரேகை வச்சாலும் போதும். யாராவது ஒருத்தர் மொதல்ல போடுங்க.”